மண்புழுவில் விந்து உருவாகும் படிகளை ஸ்லைட்டில் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டுகிறேன். மண்புழுவின் சுக்கிலப்புடகத்தை, அதாவது விந்து வளரும் பையை, ஸ்லைட்டில் பூசி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு குரல் வரும்: "சேர், ஒண்டும் விளங்கேல்லை. எல்லாம் கலங்கிப்போய்க் கிடக்கு."

பெரும்பாலும் ஸ்லைட் நன்றாகத்தான் இருக்கும். தேடுகிற முறைதான் பிழை. சில நேரம் ஸ்லைட்டும் கெட்டிருக்கும், அதற்குக் காரணம் அரை மணி நேரத்துக்கு முன்னர் செய்த ஏதோ ஒரு சின்ன வேலை. ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள்.

1. கத்தரிக்கோலைத் தொட முதல்: எதைத் தேடப் போகிறீர்கள்?

நீங்கள் மனித விதையின், அதாவது விந்து உண்டாக்கும் உறுப்பின், வெட்டுமுகப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறீர்கள். அதில் குழாய்ச் சுவரோரம் தாய்க்கலம், உள்ளே போகப் போக வளர்ந்த கலங்கள், நடுவில் வால் முளைத்த விந்து. ஓரத்திலிருந்து நடுவுக்கு வாசித்தால் வரிசை தானாகவே வந்துவிடும்.

மண்புழுவில் அந்தக் குழாய் கிடையாது. அதன் விதைகள் கண்ணுக்கு எட்டாத அளவு சின்னவை. தாய்க்கலங்கள் அங்கே பிறந்து, சிறு கூட்டங்களாகக் கழன்று, சுக்கிலப்புடகம் என்ற பைக்குள் போய்விடும். மீதி வேலை முழுவதும் அந்தப் பையின் திரவத்தில் மிதந்தபடி நடக்கும். அதனால்தான் விதையைத் தேடாமல் புடகத்தைத் தேடுகிறோம்.

பைக்குள் ஒவ்வொரு கூட்டமும் ஓர் உருண்டை. அன்னமுன்னாப் பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தண்டு போல, கருவே இல்லாத குழியவுருவின், அதாவது கலக்கூழின், திரள் ஒன்று இருக்கும். அதைச் சுற்றிக் கலங்கள் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு கலமும் ஒரு மெல்லிய பாலத்தால் நடுவோடு தொடுக்கப்பட்டிருக்கும். நூல்களில் உருண்டைக்கு மொறுலா என்றும் நடுப்பகுதிக்குச் சைற்றோபோர் என்றும் பெயர். நான் உருண்டை, நடுத்திரள் என்றே சொல்லப் போகிறேன்.

பாலங்கள் வழியே குழியவுரு ஒன்றுக்கொன்று தொடர்பாக இருப்பதால் ஓர் உருண்டையின் கலங்கள் எல்லாம் ஒரே வேளையில் பிரியும், ஒரே வேளையில் உருமாறும். ஆகவே ஓர் உருண்டை ஒரு படி. பக்கத்தில் கிடக்கும் உருண்டை மூன்று படி முன்னாலோ பின்னாலோ நிற்கலாம். பஸ் நிலையத்தில் நிற்கிற சனத்தைப் பார்த்து வயது வரிசை போடுகிற வேலை இது. குழந்தைக்குப் பக்கத்தில் கிழவர் நிற்பார். ஸ்லைட்டில் வரிசை இராது, அதை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கட்டுவதற்கு ஒரு கயிறு இருக்கிறது: எண்ணிக்கை. தாய்க்கலம் இழையுருப்பிரிவால் (ஒரு கலம் ஒத்த இரண்டாகும் சாதாரணப் பிரிவு) 2, 4, 8, 16 என்று பெருகும். இனத்தைப் பொறுத்து 16 இலோ 32 இலோ பெருக்கம் நிற்கும். அந்தக் கலங்கள் பருத்து முதல் விந்துக்குழியங்களாகும். நிறமூர்த்தத் தொகையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவின் முதற்பாதி முடிந்ததும் தொகை இரட்டித்துத் துணை விந்துக்குழியங்கள். இரண்டாம் பாதி முடிந்ததும் மறுபடி இரட்டித்து விந்தாகுகலங்கள். 16 இல் நின்ற இனத்தில் இறுதித்தொகை 64, 32 இல் நின்றதில் 128. அதன் பிறகு பிரிவே இல்லை, உருவம் மட்டும் மாறும்.

இந்தப் பந்தியைக் கொப்பியில் எழுதிவிட்டுப் புழுவிடம் போங்கள். எழுதாமல் வந்த பிள்ளை ஒவ்வொரு உருண்டைக்கும் என்னைக் கூப்பிடும்.

2. புழு: எந்த மாதம், எந்த இடம், எந்த வயது

வன்னியில் வயற்புழு வேண்டுமென்றால் மழையைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை இறங்கி மண் ஊறிய பிறகு வாய்க்கால் கரையிலும் வாழையடியிலும் மாட்டுக்கொட்டில் ஓரத்திலும் நாங்கூழ் மண் குவியும். அந்தக் காலத்தில் பிடித்த புழுவின் புடகம் நிறைந்திருக்கும். ஆடி, ஆவணியில் செம்மண் கல்லாகி, வயல் வெடித்துக் கிடக்கும்போது புழு ஆழத்தில் சுருண்டு முடங்கியிருக்கும். அப்போது வெட்டி எடுத்தாலும் பல புழுக்களில் புடகம் சூம்பிப் போயிருக்கும். வெட்டியதுதான் மிச்சம்.

வருடம் முழுவதும் வேலை செய்ய மண்புழு உரத்தொட்டிதான் வழி. நிழலில், ஈரச் சாக்கு மூடிய தொட்டியில் புழுவுக்குக் கோடை தெரியாது. இரண்டாம், மூன்றாம் தவணைப் பிள்ளைகளுக்குத் தொட்டிப் புழுதான் கொடுக்கிறேன்.

நெல்லுக்கோ மிளகாய்க்கோ அண்மையில் மருந்தடித்த நிலத்தில் எடுக்காதீர்கள். பூச்சிகொல்லி பட்ட மண்புழுவில் விந்துகள் பழுதாகும், எண்ணிக்கை குறையும். முதன்முதலாகப் பார்ப்பவர் பழுதானதைப் பார்த்து அதுதான் இயல்பு என்று வரைந்துவிடுவார்.

வயது முக்கியம். உடம்பில் மோதிரம் போட்டது போலவோ சேணம் கட்டியது போலவோ தடித்த பட்டை தெரிய வேண்டும். அதுதான் கிளைட்டெல்லம், இங்கே சேணம் என்கிறேன். சேணம் இல்லாத புழு பருவமடையாதது. நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு முறை ஒரு பிள்ளை சாண் நீளப் புழு ஒன்றைப் பெருமையாகக் கொண்டுவந்தது. சேணம் இல்லை, உள்ளேயும் ஒன்றும் இல்லை.

சேணம் இருக்கும் இடம் இனத்தையும் காட்டிக்கொடுக்கும். 14, 15, 16 ஆம் துண்டங்களை முழு வளையமாகச் சுற்றியிருந்தால் பெரெற்றிமா வகை. மெற்றாபயர் போஸ்துமா அதில் ஒன்று. ஏறக்குறைய 25 இலிருந்து 32 வரை, வயிற்றுப் பக்கம் திறந்த சேணமாக இருந்தால் உரத்தொட்டியின் சிவப்புப் புழு, ஐசீனியா ஃபெற்றிடா. இதை இப்போதே குறித்துவையுங்கள், உள்ளே எங்கே தேடுவது என்பது இதைப் பொறுத்தது.

பிடித்த புழுவைக் கழுவி, ஈரத் தாள் விரித்த பாத்திரத்தில் ஓர் இரவு விடுங்கள். குடலில் உள்ள மண் வெளியேறும். விடாவிட்டால் வெட்டும்போது குடல் கிழிந்து மணல் ஸ்லைட்டுக்கு வரும். மணல் இருந்தால் மூடித்துண்டு சாய்ந்து நிற்கும், உருப்பெருக்கம் கூட்டும்போது உடையும். ஒருவருக்கு ஒரு புழு போதும், இருவர் சேர்ந்தால் இன்னும் நல்லது.

3. மேசையில் முதலே இருக்க வேண்டியவை

புழுவைத் திறந்த பிறகு பொருள் தேடி ஓடக் கூடாது. புடகத்திலிருந்து வெளியே வந்த கலங்கள் அதிக நேரம் தாக்குப்பிடியா. திறந்ததிலிருந்து முதல் ஸ்லைட்டைப் பார்ப்பது வரை 15 நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

உப்புக் கரைசல் 0.6 வீதம். அதாவது 100 மில்லிலீற்றர் வடித்த நீரில் 0.6 கிராம் சோடியம் குளோரைட்டு. தராசு இல்லையென்றால் மருந்துக்கடையில் 0.9 வீதச் சேலைன் போத்தல் வாங்கி, 2 பங்கு சேலைனுக்கு 1 பங்கு வடித்த நீர் சேருங்கள், 0.6 வந்துவிடும். மனிதனுக்கான 0.9 ஐ அப்படியே விட்டால் மண்புழுவின் கலம் சுருங்கும். ஆனையிறவு உப்பு சமையலுக்கு அருமை, இந்த வேலைக்கு வேண்டாம். கல்லுப்பில் சோடியம் குளோரைட்டு மட்டும் இருப்பதில்லை.

கிணற்றுத் தண்ணி ஒரு துளியும் கூடாது. இந்தப் பக்கத்துக் கேத்தல்களின் அடியில் பிடிக்கிற வெள்ளைப் படிவைப் பாருங்கள், அந்தத் தண்ணிதான் அது. அதைவிடப் பெரிய பிழை, வெறும் வடித்த நீரில் பூசுவது. கலத்துக்குள் நீர் புகுந்து ஊதி, பாலங்கள் அறுந்து, உருண்டைகள் தனிக் கலங்களாகச் சிதறும். எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. "கலங்கிப்போய்க் கிடக்கு" என்பதற்கு நான் கண்ட முதற்காரணம் இதுதான். வடித்த நீர் கிடைக்காவிட்டால் எரிபொருள் நிலையத்தில் பற்றரிக்கு விடும் வடித்த நீர் வாங்கலாம். பக்கத்தில் அசிட் போத்தலும் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

மயக்குவதற்கு எதனோல் 10 வீதம். 70 வீத ஸ்பிரிற்றில் 1 பங்குக்கு 6 பங்கு தண்ணி.

சாயத்துக்கு மெதிலீன் நீலம், 100 மில்லிலீற்றர் உப்புக் கரைசலில் 0.1 கிராம். தண்ணியில் கரைத்த மெதிலீன் நீலத்தை விட்டுவிட்டு, "நான் சேலைன்தானே பாவிச்சனான்" என்று கேட்பவர்கள் உண்டு. சாயத்தோடு வந்த தண்ணியும் தண்ணிதான்.

மற்றவை: மெழுகுத் தட்டு, குண்டூசி, கூர்முனைக் கத்தரிக்கோல், இரண்டு இடுக்கி, கடிகாரக்கண்ணாடி, துளிசொட்டி, ஸ்லைட், மூடித்துண்டு, வடிதாள், கைவில்லை. நுணுக்குக்காட்டியில் 10, 40 பொருள்வில்லைகள் கட்டாயம். எண்ணெய் விடும் 100 இருந்தால் விந்தின் தலை தெளியும். கரண்ட் நம்பிக்கை இல்லாத இடத்தில் ஆடி வைத்த நுணுக்குக்காட்டியை யன்னல் பக்கம் வையுங்கள். ஆடியை வானத்துக்குத் திருப்புங்கள், சூரியனுக்கு அல்ல. கண் போய்விடும்.

4. மயக்குதல்

புழுவை 10 வீத எதனோலில் இடுங்கள். துடிப்பு நின்று, இடுக்கியால் தொட்டாலும் சுருங்காத நிலை வரும்வரை பொறுங்கள். பத்து நிமிடமளவு எடுக்கும்.

அவசரப்பட்டு நேரே ஸ்பிரிற்றில் போடுபவர்கள் உண்டு. புழு முறுகிச் சுருண்டு, உடலறை அமுங்கிப் புடகம் உள்ளேயே வெடித்துவிடும். வெளியில் எடுத்ததும் உப்புக் கரைசலில் அலசுங்கள். மதுசாரம் ஸ்லைட்டுக்கு வந்தால் கலங்கள் உறைந்து ஒட்டும்.

5. திறப்பதும் துண்டம் எண்ணுவதும்

முதுகுப் பக்கம் மேலே இருக்க வேண்டும். கருமையான பக்கம் முதுகு, நடுவில் இரத்தக்கலன் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குச் சற்று விலகிச் சேணத்துக்குப் பின்னாலிருந்து தலைவரை வெட்டுங்கள். கோட்டின் மேலேயே வெட்டினால் இரத்தம் பரவி எல்லாம் ஒரே நிறமாகிவிடும். கத்தரியின் கீழ் அலகு எப்போதும் தோலைத் தூக்கியபடி போகட்டும், கீழே அழுத்தினால் குடல் போய்விடும்.

தோலை இரு பக்கமும் விரித்துக் குண்டூசி குத்துங்கள். துண்டங்களுக்கு இடையிலுள்ள பிரிசுவர்களை ஊசி முனையால் மெதுவாக அறுத்தால்தான் தோல் விரியும். பிறகு புழு மூழ்கும்வரை உப்புக் கரைசல் ஊற்றுங்கள். மூழ்கியிருந்தால் உறுப்புகள் மிதந்து பிரிந்து தெரியும், காய்ந்தும் போகா.

இனி எண்ணுங்கள். வாய்க்கு மேலே தொங்கும் சிறு மடல் துண்டம் அல்ல, அதை எண்ணக் கூடாது. வாயைச் சுற்றிய வளையம்தான் 1. அந்த மடலை 1 என்று தொடங்கினால் கடைசிவரை ஒன்று பிசகும். 5, 10 ஆம் துண்டங்களில் ஒரு குண்டூசியைச் சாய்த்துக் குத்தி வைத்தால் திரும்பத் திரும்ப எண்ண வேண்டியதில்லை.

பெரெற்றிமா வகையில் விதைகள் 10, 11 இலும் புடகங்கள் 11, 12 இலும் இருக்கும். 11 இல் உள்ள சோடி விதைப்பைக்குள் மறைந்திருக்கும். 12 இல் உள்ளது களத்தின் (உணவுக்குழாயின்) இரு பக்கமும் வெண்மஞ்சள் நிற மடல்களாக வெளியே தெரியும். 12 ஐ எடுங்கள், சண்டை இல்லை. ஐசீனியாவில் 9 முதல் 12 வரை வெள்ளை மடல்கள் வரிசையாக இருக்கும், பின்பக்கத்தவை பெரியவை.

உணவை அரைக்கும் அரைவைப்பையை அடையாளமாக வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெரெற்றிமாவில் அது புடகத்துக்கு முன்னால், 8 ஆம் துண்டத்தை ஒட்டி. ஐசீனியாவில் புடகத்துக்குப் பின்னால், 17 ஐ ஒட்டி. ஒரு இனத்தின் படத்தை வைத்துக்கொண்டு மற்ற இனத்தைத் திறந்து, "இந்தப் புழுவுக்குப் புடகம் இல்லை" என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு மாறாட்டம்: பெரெற்றிமாவில் 17 முதல் 20 வரை பரந்து கிடக்கும் மடிப்பு மடிப்பான வெள்ளை உறுப்பு முன்னிற்குஞ் சுரப்பி. அது பெரிதாக இருப்பதால் கை அங்கேதான் முதலில் போகும். அதைப் பூசினால் விந்தின் எந்தப் படியும் வராது.

6. பூச்சு: நசிக்காமல் எடுப்பது

புடகத்தை அடியில் பிடித்து வெட்டி, புதிய உப்புக் கரைசல் சில துளி விட்ட கடிகாரக்கண்ணாடிக்கு மாற்றுங்கள். அங்கே ஊசியால் ஒரு கிழி. பால் போன்ற திரவம் புகையாகப் பரவும், நமக்கு வேண்டியது அந்தப் பால்தான்.

துளிசொட்டியால் ஒரு சிறு துளி எடுத்து ஸ்லைட்டில் விடுங்கள். துளியைப் பார்த்தால் தண்ணியாகத் தெரிய வேண்டும், பாலாகத் தெரிந்தால் இன்னும் கரைசல் சேருங்கள். அடர்த்தியான துளியில் உருண்டைக்கு மேல் உருண்டை ஏறி, எது எதன் கலம் என்று பிரிக்க முடியாது. கலங்குவதற்கு இரண்டாம் காரணம் இது.

மூடித்துண்டை ஒரு ஓரம் ஊன்றிச் சாய்த்து இறக்குங்கள். விரலால் அழுத்தாதீர்கள். வெங்காயத் தோலுக்கும் வேர்நுனிக்கும் அழுத்திப் பழகிய கை இங்கேயும் அழுத்தப் பார்க்கும். வேர்நுனியில் கலங்களைப் பிரிக்க அழுத்துகிறோம், இங்கே கலங்கள் பிரியாமல் இருப்பதுதான் முழு விஷயமும்.

7. சாயம்

முதல் ஸ்லைட்டைச் சாயமில்லாமல் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைத்து, ஒடுக்கியின் துவாரத்தைச் சுருக்கினால் உருண்டைகளின் விளிம்பு எழும். உயிரோடிருக்கும் விந்து வால் அசைப்பதை இந்த ஸ்லைட்டில் மட்டுமே காணலாம்.

பிறகு மூடித்துண்டின் ஒரு ஓரத்தில் மெதிலீன் நீலம் ஒரு துளி, எதிர் ஓரத்தில் வடிதாள். சாயம் மெல்ல உள்ளே இழுபடும். மூடித்துண்டைத் தூக்கிச் சாயம் விட்டால் உருண்டைகள் வழிந்தோடிவிடும். ஐந்து நிமிடத்தில் கருக்கள் நீலமாகும், நடுத்திரள் வெளிறி நிற்கும். இந்த நிற வேறுபாடுதான் அடுத்த படிக்கு வேண்டும்.

8. எண்ணி வரிசை கட்டுதல்

10 இல் ஸ்லைட் முழுவதையும் ஒரு சுற்றுப் பாருங்கள், எதையும் வரையாதீர்கள். உருண்டைகள் எங்கே கூட்டம், எங்கே தனி என்று மட்டும் பாருங்கள். தனியாகக் கிடக்கும் உருண்டைதான் நல்லது. பிறகு 40 க்குப் போங்கள்.

உருண்டை ஒரு பந்து. உங்களுக்கு மேல் முகம் மட்டும் தெரியும். நுண்செப்பஞ்செய் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பினால் மேல் முகம் மறைந்து நடு வரும், பிறகு கீழ் முகம். மேல் முகத்தை எண்ணி இரட்டிப்பதே நடைமுறை. 7, 8 எண்ணினால் அது 16. ஏறத்தாழ 30 எண்ணினால் 64. "நான் 29 எண்ணினேன், அப்படி ஒரு படி இல்லையே" என்று குழம்ப வேண்டாம். இரட்டிப்பு வரிசையில் கிட்டவுள்ள எண்ணுக்குப் போங்கள்.

இப்போது படிகள்.

தாய்க்கல உருண்டை. 2, 4, 8 கலங்கள். கலங்கள் பெரியவை, கரு உருண்டையாகப் பெரிதாக நடுவில் இருக்கும், அதற்குள் புன்கரு என்ற சிறு புள்ளி தெரியும். நடுத்திரள் மிகச் சிறிது, சிலவற்றில் தெரியவே தெரியாது. இவை குறைவாகத்தான் கிடைக்கும். விதைக்குக் கிட்டிய ஓரத்திலிருந்து எடுத்த துளியில் தேடினால் வாய்ப்புக் கூட.

முதல் விந்துக்குழியம். 16 அல்லது 32. கருவுக்குள் நூல் நூலாகச் சிக்கியது போலத் தெரியும். நிறமூர்த்தங்கள் சோடி சேர்ந்து ஒடுக்கற்பிரிவின் நீண்ட முன்னவத்தையில் (தொடக்கக் கட்டத்தில்) நிற்பதால்தான் அந்தத் தோற்றம். அந்த அவத்தை நீண்டது என்பதாலேயே இந்தப் படி ஸ்லைட்டில் தாராளமாகக் கிடைக்கும். ஐசீனியா ஃபெற்றிடாவின் இருமடிய நிறமூர்த்தத் தொகை 22, ஆகவே சோடி சேரும்போது 11. மெதிலீன் நீலத்தில் அவற்றை எண்ண முயலாதீர்கள். அதற்கு அசற்றோக்காமைன் போன்ற நிறமூர்த்தச் சாயமும் நசித்தலும் வேண்டும், அது வேறு செய்முறை.

துணை விந்துக்குழியம். தொகை இரட்டித்திருக்கும், கலம் சிறுத்திருக்கும். இந்தப் படி விரைவாகக் கடந்துபோகும், அதனால் அரிது. ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்காவிட்டால் உங்கள் பிழையில்லை. இல்லாததை இருப்பதாக வரைவதுதான் பிழை.

விந்தாகுகலம், தொடக்க நிலை. 64 அல்லது 128. கலங்கள் சிறு மணிகளாக நடுத்திரளின் மேல் நெருங்கிப் பதிந்திருக்கும். கரு சின்னது, உருண்டை, ஒரே சீரான நிறம். நடுத்திரள் இப்போது பெரிது, வெளிறிய வட்டமாகத் தெளிவாகத் தெரியும்.

துணை விந்துக்குழியத்தையும் தொடக்க விந்தாகுகலத்தையும் பிரிக்கத் தடுமாறுவீர்கள். இரண்டும் உருண்டை, இரண்டும் சின்னது. ஒரே பார்வைப்புலத்தில் முதல் விந்துக்குழிய உருண்டை ஒன்றைத் தேடிப்பிடித்து அதன் கருவோடு ஒப்பிடுங்கள். தொகை நான்கு மடங்கென்றால் விந்தாகுகலம். தனியே ஒரு கலத்தின் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

9. உருவம் மாறும் கட்டம்

இங்கிருந்து எண்ணிக்கை உதவாது. 64 என்றால் கடைசிவரை 64 தான். இனிக் கருவின் வடிவத்தைப் பாருங்கள்: உருண்டை, முட்டை, கோல், ஊசி. இந்த நான்கு சொல்லையும் கொப்பியின் ஓரத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உருண்டை கிடைக்கும்வரை ஸ்லைட்டை நகர்த்துங்கள்.

கரு நீளும்போது உள்ளே நிறப்பொருள் இறுகும், சாயம் வரவரக் கருநீலமாகப் பிடிக்கும். கருவைச் சுற்றி நுண்குழாய்கள் வரிசையாக அணைகட்டி நிற்பதால் அது தடிக்காமல் நீளுகிறது. அந்த நுண்குழாய்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரிவது விளைவு மட்டும்.

அதே வேளையில் மூன்று வேலைகள் நடக்கின்றன. கொல்கி உடலிலிருந்து உச்சிமூர்த்தம் உருவாகிக் கருவின் நுனிக்குப் போய் அமரும், முட்டைக்குள் நுழைய வேண்டிய கருவி அது. புன்மையத்தி என்ற சிறு உறுப்பிலிருந்து வால் வளரும். கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இழைமணிகள் ஒன்றுதிரண்டு கருவுக்கும் வாலுக்கும் இடையில் ஒரு குட்டை உருளையாக அமையும். மனித விந்தில் இழைமணிகள் வாலின் தொடக்கத்தைச் சுருளாகச் சுற்றியிருக்குமல்லவா? மண்புழுவில் அப்படியில்லை. பாடப்புத்தகத்து மனித விந்தைப் பார்த்து மண்புழு விந்தை வரைந்தவர் இங்கே பிடிபடுவார்.

தலையும் அப்படித்தான். தவளைக்குஞ்சு மாதிரி உருண்டைத் தலையும் வாலும் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மண்புழு விந்தின் தலையே நூல். தலை எங்கே முடிந்து வால் எங்கே தொடங்குகிறது என்பதைச் சாயம் பிடித்த நீளத்தை வைத்துத்தான் சொல்லலாம்.

நடுத்திரளை மறந்துவிடாதீர்கள். கலம் மெலிய மெலிய, வேண்டாத குழியவுரு பாலம் வழியே நடுத்திரளுக்கு வழியும். அதனால் இந்தக் கட்டத்தில் உருண்டையின் நடு பருத்தும் ஓரத்துக் கலங்கள் மெலிந்தும் போகும். கடைசியில், வெளிறிய நடுவைச் சுற்றி வால்கள் வெளியே விரிந்து, தும்புக்கட்டை மாதிரி ஒரு தோற்றம் வரும். சாயமில்லாத ஸ்லைட்டில் அந்த வால்கள் அலைவதைப் பார்க்கலாம். பிறகு விந்துகள் கழன்றுபோக, நடுத்திரள் தனியே மிஞ்சி அழியும். கருவில்லாத வெறும் உருண்டை ஒன்றைக் கண்டு "செத்த கலம்" என்று குறிக்க முதல் இதை நினையுங்கள்.

10. விந்து அல்லாதவை

இந்தப் பகுதியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் வருடம் நானே ஒன்றை "இராட்சத விந்துக்கலம்" என்று பெயரிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன்.

அது மொனோசிஸ்ரிஸ். மண்புழுவின் சுக்கிலப்புடகத்தில் வாழும் ஒருகல ஒட்டுண்ணி. மிகச் சாதாரணமானது, இல்லாத புழுதான் அதிசயம். இளசாக இருக்கும்போது உருண்டையின் நடுத்திரளுக்குள்ளேயே புகுந்து அதைத் தின்று வளரும். அப்போது சாதாரண உருண்டை போலவே இருக்கும். ஒரே வேறுபாடு, நடுத்திரளுக்குள் ஒரு கரு தெரியும். நடுத்திரளில் கரு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வளர்ந்ததும் நீண்ட புழு வடிவம் எடுக்கும். அதைச் சுற்றியிருந்த விந்துகள் கெட்டு, வால்கள் மட்டும் அதன் மேலே ஒட்டியிருக்கும். பார்த்தால் பிசிர் முளைத்த பரமேசியம் மாதிரி இருக்கும். பிசிர் அதனுடையதல்ல, செத்த விந்துகளின் வால்.

அடுத்தது, தடித்த சுவருள்ள ஒரு பெரிய சிறைப்பை, அதற்குள் இரு முனையும் கூரான, தோணி வடிவ வித்திகள் நிறைய. சிறைப்பை உடைந்தால் இந்தத் தோணிகள் ஸ்லைட் முழுவதும் சிதறும். இவற்றைத்தான் அதிகம் பேர் "கோல் நிலை விந்தாகுகலம்" என்று வரைகிறார்கள். பிரிப்பது எளிது: வித்தியின் சுவர் கண்ணாடி போல் பளிச்சிடும், எல்லாம் ஒரே அளவு, நடுத்திரளோடு ஒட்டியிருக்காது, வால் இல்லை.

இவை தவிர உடலறைத் திரவத்தின் கலங்கள், குடலைச் சுற்றியுள்ள மஞ்சட் கலங்களின் சிறுமணிகள், சில வேளை நெளியும் சின்ன வட்டப்புழுக்கள் வரும். மஞ்சள் மணிகள் நிறைய இருந்தால் புடகத்தை எடுக்கும்போது குடலை உரசியிருக்கிறீர்கள்.

11. முடிந்த விந்தை எங்கே பார்ப்பது?

புடகத்தில் உருவான விந்து அங்கேயே தங்குவதில்லை. விதைப்பைக்குத் திரும்பி, 10, 11 ஆம் துண்டங்களிலுள்ள விந்துப் புனல்கள் வழியே விந்துக்கான் குழாயில் இறங்கும். விந்து நிறைந்த புனல் கைவில்லையில் முத்துச்சிப்பி போல மினுங்கும், விந்துகள் வரிசையாக ஒருபக்கம் பார்த்து அடுக்கப்பட்டிருப்பதால் வரும் மினுக்கம். அதைக் கிள்ளிப் பூசினால் சுத்தமான விந்து கிடைக்கும்.

விந்தேற்பையிலும் விந்து இருக்கும். மெற்றாபயர் போஸ்துமாவில் 6 முதல் 9 வரை நான்கு சோடி, ஐசீனியாவில் இரண்டு சோடி. ஆனால் அது இந்தப் புழுவின் விந்து அல்ல, புணர்ச்சியில் மற்றப் புழு கொடுத்தது. ஒரே உடம்பில் விதையும் சூலகமும் இருந்தாலும் மண்புழு சோடி சேர்ந்து விந்தை மாற்றிக்கொள்ளும். ஆகவே விந்தேற்பையில் உருண்டைகளோ விந்தாகுகலங்களோ கிடைத்தால், நீங்கள் எடுத்தது விந்தேற்பை அல்ல.

12. வைத்திருக்க ஒரு ஸ்லைட்

ஈர ஸ்லைட் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வைத்திருக்க வேண்டுமென்றால் மெல்லிய பூச்சு ஒன்று போட்டுக் காற்றில் காயவிட்டு, மெதனோலில் 5 நிமிடம், பிறகு 1 க்கு 10 ஐதாக்கிய ஜிம்சாச் சாயத்தில் 20 முதல் 30 நிமிடம், கழுவிக் காயவிடுங்கள். மலேரியாவுக்கு இரத்தப் பூச்சு எடுத்த அதே முறை. வன்னியின் பழைய ஆய்வுகூட ஊழியர்களுக்கு இது கைவந்த கலை. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது, சாயம் மட்டும் அலுமாரிகளில் இன்னும் இருக்கிறது.

காயும்போது உருண்டைகள் தட்டையாகும், பல உடையும். ஆகவே எண்ணிக்கைக்கு ஈர ஸ்லைட், கருவின் வடிவத்துக்கு ஜிம்சா ஸ்லைட். ஒன்றை மட்டும் செய்தால் பாதி வேலைதான்.

13. வரைவதும் துடைப்பதும்

ஒரு படத்துக்கு ஓர் உருண்டை. பக்கத்தில் நீங்கள் எண்ணிய தொகை, இரட்டித்த தொகை, உருப்பெருக்கம், புழுவின் இனம், பிடித்த திகதி. எண்ணியதையும் இரட்டித்ததையும் தனித்தனியே எழுதினால் பிழை எங்கே என்று பிறகு கண்டுபிடிக்கலாம். ஒரு ஸ்லைட்டில் எல்லாப் படியும் கிடையாது. மூன்று ஸ்லைட், இரண்டு புழு என்று கூட்டி ஒரு வரிசை அமைத்தால் போதும், ஆனால் எது எந்தப் புழு என்று குறிப்பிருக்க வேண்டும்.

புழுவின் மிச்சத்தை வாழையடியில் தாழ்த்துங்கள். உப்புக் கரைசல் பட்ட கத்தரிக்கோலையும் இடுக்கியையும் உடனே கழுவித் துடையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சனிக்கிழமை துருவோடுதான் எடுப்பீர்கள். 40 பொருள்வில்லையின் முகத்தில் ஒரு துளி சேலைன் ஒட்டியிருக்கும், அதையும் பாருங்கள். காய்ந்தால் உப்புப் பளிங்கு படிந்து, அடுத்து வருகிற பிள்ளை அதையும் ஒரு படி என்று வரைந்து வைக்கும்.